ஓரத்திலிருந்து குறையும் வெளிச்சம்

போன வருஷம் ஐப்பசியில் ஒரு நாள், விழுப்புரத்திலிருந்து வரும் பாசஞ்சர் ரயிலில் திண்டிவனத்தில் இறங்கினேன். மழை வருகிற மாதிரி மூடியிருந்தது. ஸ்டேஷனில் கரண்ட் போயிருந்தது. என்னோடு இறங்கியவர்கள் பேசிக்கொண்டும், பையைத் தோளில் மாட்டிக்கொண்டும் வாசலைப் பார்த்து நடந்தார்கள். எனக்குக் கால் நகரவில்லை. முன்னால் தரை இருக்கிறதா, படி இருக்கிறதா என்று தெரியவில்லை. கையால் துழாவி ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வானத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. மற்றவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

அப்படிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். என் அண்ணன்.

அண்ணன் என்னைவிட எட்டு வயது மூத்தவர். விழுப்புரத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். முப்பத்தைந்து வயது வாக்கில் கையிலிருந்து விழுந்த ஸ்க்ரூவைத் தேட ஆரம்பித்தார். பக்கத்திலேயே கிடக்கும், தெரியாது. சாயங்காலமானால் யார் மேலாவது மோதிக்கொள்வார். குடிக்கிறார் என்று தெருவில் பேசினார்கள். பீடியைக்கூடத் தொடாத மனிதர் அவர். கடைசியில் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்: கண்ணுக்குப் பின்னால் இருக்கிற திரை ஓரத்திலிருந்து செத்துக்கொண்டே வருகிறது, பரம்பரையாக வருவது, மருந்து கிடையாது. எங்கள் அப்பாவும் அம்மாவும் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள். கூடப் பிறந்தவர்களையும் கூட்டி வந்து காட்டச் சொன்னார்களாம். அண்ணன் அதை என்னிடம் ஒரு முறைதான் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன், போகவில்லை.

நான் ஓவிய ஆசிரியர். கோலியனூர் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பகுதிநேர வேலை. கரும்பலகையில் மயில் வரைவேன், பிள்ளைகள் மயில் வரைவார்கள். அடுத்த வாரம் பூச்சாடி. அதற்கடுத்த வாரம் மலை, சூரியன், இரண்டு தென்னை. பள்ளி ஆண்டு விழாவுக்கு மேடையில் எழுத்து எழுதுவேன். எனக்கென்று ஒரு படம் வரைந்து எத்தனை வருஷமாகிறது என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. யாரும் கேட்கவும் இல்லை.

அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு, ஸ்டேஷனுக்குப் போய்வர வைத்திருந்த வண்டியை எடுப்பதை நிறுத்தினேன். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடப் பார்த்தேன். முடியாத நாட்களில் ஸ்டேஷன் வாசலில் டீக்கடை விளக்குக்குக் கீழே நின்று, தெரிந்தவர் யாராவது வந்தால் பேச்சுக் கொடுத்தபடி அவர் தோளை ஒட்டி நடப்பேன். என் மனைவி என் மாமா மகள்தான். அவளிடம் மறைக்க முடியவில்லை.

"இன்னாங்க, வண்டிய வுட்டுட்டு நடந்து வர்றீங்க?"

"பெட்ரோல் செலவு."

"உங்க அண்ணனும் மொதல்ல இப்டிதான் ஏதாவது ஒண்ணு சொல்லிக்கினு இருந்தாரு" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டு சாதம் போட்டாள். தண்ணீர் டம்ளரை ஓரத்திலிருந்து என் கண்ணுக்கு நேர் எதிரே நகர்த்தி வைத்தாள். எத்தனை நாளாக அப்படி வைக்கிறாள் என்று அப்போதுதான் யோசித்தேன்.

பாண்டிச்சேரி போகும் வழியில் இருந்த ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இருட்டறையில் ஒரு மெஷின் முன்னால் உட்கார வைத்தார்கள். முகத்துக்கு முன்னால் பெரிய வெள்ளைக் கிண்ணத்தின் உட்புறம் மாதிரி இருந்தது. நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி. அதையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது சின்ன வெளிச்சம் தோன்றினால் கையிலிருக்கிற பட்டனை அமுக்க வேண்டும்.

மெஷின் கடக் என்றது. வெளிச்சம் வரவில்லை. மறுபடியும் கடக். மறுபடியும். ஒவ்வொரு சத்தத்துக்கும் எங்கோ ஒரு வெளிச்சம் வந்து போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. எங்கே என்பதுதான் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்து, பயத்தில், சத்தம் வரும்போதெல்லாம் பட்டனை அமுக்கத் தொடங்கினேன்.

"சார்," என்றாள் பக்கத்திலிருந்த பெண், மெதுவாக. "தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க."

டாக்டர் ஒரு தாளைக் காட்டினார். நடுவில் கொஞ்சம் வெள்ளை. சுற்றிலும் கறுப்பு. எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். கல்யாணம் சொந்தத்திலா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிள்ளைகள் உண்டா என்றார். ஒரு பெண், ஐந்தாவது படிக்கிறாள் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்க பொண்ணையும் ஒரு தடவ பாத்துடலாம்."

நேரே வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன். அண்ணன் வீடு கீழ்ப்பெரும்பாக்கத்தில். அண்ணி வேலைக்குப் போயிருந்தார். அண்ணன் தனியாக உட்கார்ந்து மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். என் செருப்புச் சத்தத்திலேயே கண்டுபிடித்தார்.

"இன்னாடா, ஸ்கூல் இல்லியா?"

"கண்ணு காட்டப் போனேன்ணா."

அவர் கை நின்றது. "ராத்திரில நட்சத்திரம் தெரியுதா?" என்றார்.

"பாத்து ரொம்ப நாளாச்சு."

"எனுக்கும் மொதல்ல அதான் போச்சு" என்றார்.

இப்போது எப்படி இருக்கிறது என்று அதுவரை நான் அவரிடம் கேட்டதே இல்லை. அன்றைக்குக் கேட்டேன். இருட்டாக இருக்குமா என்றேன்.

"இருட்டுனா நிம்மதியா தூங்கலாமே. சாம்பல் மாதிரி ஒண்ணு எப்பவும் கொதிச்சிக்கினே கெடக்கும். கண்ண மூடினாலும் அதான், தொறந்தாலும் அதான். அதுகூட பழகிப்போச்சு. மூஞ்சிங்க போறதுதான்டா பேஜாரு. உங்க அண்ணி மூஞ்சி கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சிக்கினு வருது. என் பொண்ணுக்கு இன்னும் ஆறு வயசுதான். காலேஜ் போறா, கொரல் பெரிய பொம்பள கொரல். மூஞ்சி மட்டும் அந்தக் கன்னத்து மருவோட அப்டியே நிக்குது. வளர மாட்டேங்குது."

பிறகு ஒரு மல்லாட்டையை உடைத்தபடியே சொன்னார்: "ஆனா ஒண்ணு. நீ பம்ப்செட் செவுத்துல கரியால என்னிய வரைஞ்ச பாரு, அது அப்டியே தெரியுது. வாயப் பொளந்துக்கினு தூங்கறேன். ஒரு காலு கயித்துக் கட்டில வுட்டு வெளிய தொங்குது. கட்டவெரல்ல சேறு."

எனக்கு அந்தப் படம் மறந்தே போயிருந்தது. விக்கிரவாண்டி வரைக்கும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தேடினேன். படம் வரவில்லை, வரைந்த பையன் வந்தான். கையெல்லாம் கரி. தூங்குகிறவர் விழித்துவிடுவாரோ என்கிற அவசரத்தில் காலையும் சேற்றையும் மாறி மாறிப் பார்க்கிறான். அவனுக்கு மயில் வரையத் தெரியாது. எதிரில் இருப்பதை மட்டும் வரைவான். நான் அவனை எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. இன்னொரு பக்கத்தில், சாம்பல் கொதிக்கிற கண்ணோடு ஒரு கிழவன், இனி வரப்போகிற நான், சுவரோரமாக உட்கார்ந்து எனக்காகக் காத்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது, நான் இப்போது பார்த்து வைப்பதைத் தவிர.

அடுத்த நாளே வரைய உட்கார்ந்தேன். காய் நறுக்குகிற மனைவியின் கை. பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போடும் கம்பி. மகள் தூங்கும்போது மடங்குகிற கழுத்து. நடுவில் மட்டும் பார்வை இருப்பதால் ஒரு முகத்தை முழுதாகப் பார்க்கத் தலையை மெல்ல நகர்த்த வேண்டியிருந்தது. முதலில் மூக்கு, பிறகு உதடு, பிறகு காது. இத்தனை வருஷம் ஒரே பார்வையில் பார்த்துத் தள்ளியதையெல்லாம் துண்டு துண்டாகப் பார்த்தேன்.

ஆனால் கிழவனுக்கு இந்தத் தாள்கள் எப்படிப் பயன்படும்? அண்ணனிடமே சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஒரு ரப்பர் விரிப்பின் மேல் தாளை வைத்து, பால்பாயின்ட் பேனாவை அழுத்தி அண்ணன் மகளின் முகத்தை வரைந்தேன். தாளைத் திருப்பினால் கோடுகள் எழும்பி நின்றன. அதைக் கொண்டுபோய் அண்ணன் கையில் கொடுத்தேன். விரலை ஓட்டினார். திரும்பத் திரும்ப ஓட்டினார்.

"ஒரே முள்ளா கீதுடா. ஒண்ணும் வெளங்கல."

கோடுகளைக் குறைத்து மறுபடி வரைந்தேன். மூக்கு எது, கண் எது என்றே அவருக்குப் பிடிபடவில்லை. மூன்றாம் முறை தாளையே தள்ளிவிட்டார். "என்னிய வுட்டுடு. எனுக்கு வேணாம் இது" என்றார். எனக்கும் கோபம் வந்தது. சில வாரங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. வீட்டில் கண்ணைக் கட்டிக்கொண்டு நானே என் படங்களைத் தடவிப் பார்த்தேன். அண்ணன் சொன்னது சரி, வெறும் முள். எந்தக் கோடு விரலுக்கு வழி சொல்கிறது, எது குழப்புகிறது என்று பார்த்து, குழப்புகிறவற்றை ஒவ்வொன்றாக நீக்கினேன். கடைசியில் நெற்றியில் தொடங்கித் தாடையில் முடிகிற ஒரே கோட்டில் பக்கவாட்டு முகம். கூடவே ஒரு சடை, ஒரு மரு.

மார்கழியில் அதை எடுத்துப் போனேன். அன்றைக்கு அண்ணன் மகளும் வீட்டில் இருந்தாள். யார் என்று நான் சொல்லவில்லை. அண்ணன் விரல் நெற்றியிலிருந்து இறங்கி மூக்கில் ஏறி உதட்டைத் தாண்டியது. கன்னத்துக்கு வந்ததும் நின்றது.

"மரு இந்தப் பக்கம் இல்லடா. எடது பக்கம்."

தாளைத் திருப்பினால் இடம் வலமாகும் என்பதை நான் மறந்துபோயிருந்தேன். அண்ணன் மகள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அண்ணன் மட்டும் தாடைக் கோட்டிலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தார். "இவ்ளோ நீளமாவா ஆயிடுச்சி மூஞ்சி?" என்றார்.

ஊருக்குத் திரும்பும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் டாக்டர் சொன்ன அந்த வேலை பாக்கி இருந்தது. மகளைக் கூட்டிப் போக மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "தெரிஞ்சி இன்னா பண்ணப் போறோம்?" என்று கேட்டாள். தை பிறந்து, மகள் இரண்டு தடவை வாசல்படியில் தடுக்கி விழுந்த பிறகு, மனைவியே புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

மகள் உள்ளே மெஷினுக்கு முன்னால். நாங்கள் கதவுக்கு வெளியே. கடக் என்று மெஷின் சத்தம், உடனே பட்டன் சத்தம். கடக், பட்டன். ரொம்ப நேரம் எல்லாம் சரியாகப் போனது. பிறகு ஒரு கடக். பட்டன் சத்தம் வரவில்லை. மனைவிக்கு இது புரியாது என்று நினைத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஓரத்துல கொஞ்சம் கொறையுற மாதிரி இருக்கு," என்றார் டாக்டர். "சின்னப் பசங்க கவனம் செதறினாலும் இப்படி வரும். ஆறு மாசம் கழிச்சி திரும்பப் பாத்துட்டுதான் எதுவும் சொல்ல முடியும்."

அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. பள்ளியில் இப்போது மயில் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் காதை வரையச் சொல்கிறேன், பிள்ளைகள் கத்துகிறார்கள், தலைமையாசிரியை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். வீட்டில் பொழுது சாய்வதற்கு முன்பே மனைவி எல்லா விளக்கையும் போட்டுவிடுகிறாள். அந்த வெளிச்சத்தில் நானும் மகளும் வரைகிறோம்.

போன வாரம் அவள் தன் தாளை ஒதுக்கிவிட்டு என் பக்கமாக நகர்ந்து வந்தாள். "அப்பா, நான் பெரிசானா எப்டி இருப்பேன்? வரைஞ்சி காட்டுங்க."

அவள் அம்மாவின் நெற்றியை வைத்துத் தொடங்கினேன். மூக்கு என்னுடையது. முடியைத் தூக்கிக் கட்டி, காதில் பெரிய கம்மல் போட்டேன். கழுத்தையும் தோளையும் முடித்தேன். பிறகு கம்மலுக்குத் திரும்பி வந்து, தேவையே இல்லாமல் அதில் பூ வேலை செய்துகொண்டிருந்தேன்.

"கண்ணு போடலியேப்பா" என்றாள்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. நான் தலையை மெல்ல நகர்த்தி, மகளின் இரண்டு கண்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தேன்.

"போடறேன், இரு" என்றேன்.