பாஸ்வேர்டு கேட்காத படம்

எல்லாம் சரி என்று கணினி சொன்ன பிறகும் மனம் ஏன் அடங்குவதில்லை? எனக்கு இன்னும் தெரியவில்லை.

திருவனந்தபுரத்தில் மென்பொருள் சோதிப்பது என் வேலை. குழந்தைகள் காப்பகங்கள் பிள்ளைகளின் படங்களைப் பெற்றோருக்கு மட்டும் காட்டுவதற்கான செயலி ஒன்றை ஏஐ எழுதியது. அதற்கான சோதனைகளையும் அதுவே எழுதியது.

"எல்லா டெஸ்டும் பாஸாயாச்சே சேச்சி, பின்ன எதுக்கு இந்தப் பேடி, பயம்?" என்று சிரித்தான் உடன் பணிபுரியும் அனூப்.

மனம் கேட்காமல், என் மகளின் படத்தை அதில் ஏற்றி, இணைப்பைக் கணவருக்கு அனுப்பினேன்.

"பாப்பா ரெண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறா. ஆனா பாஸ்வேர்டே கேக்கலியே?" என்றார்.

ஏஐ எழுதிய சோதனைகளில் ஒன்றுகூட இதைச் சோதிக்கவில்லை. இணைப்பு கிடைத்தால் யாரும் எந்தக் குழந்தையையும் பார்க்கலாம். அன்றே வெளியீட்டை நிறுத்திச் சரிசெய்தோம்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு செயலியையும் அந்நியர்போல நானே திறந்து பார்க்கிறேன். வேலை தாமதமாகிறது. இது கவனமா, வெறும் பயமா? இத்துறையில் இருக்கும் தாய்மார்கள் யாராவது சொல்லுங்களேன்.