கால் மில்லிமீட்டர் கதவு

ஹைதராபாத்தில் குளிர் உண்டா என்று சென்னையிலிருந்து வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். மின்விசிறியை நிறுத்தினால் அவர்களுக்கு அது குளிர்காலம். சைனிக்புரியில் டிசம்பர் கடைசியில் காலை ஆறரை மணிக்கு என் பட்டறையில் தொங்கும் வெப்பமானி பதினொன்று காட்டும். ஒரு வருடம் ஒன்பது காட்டியது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் தகரக் கதவு. அதற்குள் நின்று கால் மணி நேரம் உளி பிடித்துவிட்டு வந்து அவர்கள் சிரிக்கட்டும்.

பட்டறை என்பது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பதினொரு அடிக்கு ஒன்பது அடி ஷெட். ஒரு பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் தர ஆய்வுப் பிரிவில் இருந்தேன். மற்றவர்கள் செய்ததை அளப்பது, ஏற்பது அல்லது தள்ளுவது, அதுதான் வேலை. ஏற்றதைவிடத் தள்ளியதுதான் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு அந்த ஷெட்டில் மரப்பெட்டி செய்கிறேன். ஆணி கிடையாது, பலகையின் பல்லுக்குள் பல் கோத்துச் செய்வது. ஒன்பது வருடத்தில் நாற்பத்தொரு பெட்டி. முப்பத்தெட்டு பேருக்குக் கொடுத்திருக்கிறேன். அதில் வெங்காயம் போட்டு வைத்திருப்பவர்கள் நான் அறிந்து ஐந்து பேர்.

கொஞ்ச வருடமாகக் குளிரில் என் வலது கையில் மூன்று விரலும் இடது கையில் இரண்டும் மடங்குவதில்லை. அதனால் நவம்பர் பாதியில் ஷெட்டைப் பூட்டினால் பிப்ரவரி பாதியில்தான் திறப்பேன். இதை இரண்டு வருடம் கவனித்துக்கொண்டிருந்த என் மனைவி மூன்றாவது வருடம் நவம்பரில் வாயைத் திறந்தாள்.

"மூணு மாசம் பூட்டிக் கிடக்கிற ரூமை எதுக்கு வச்சிருக்கணும்? அக்காவைக் கூட்டிட்டு வந்து வச்சுக்கிடுதேன்."

அவளுடைய அக்கா, எனக்கு மதினி, ஹப்சிகுடாவில் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். லிஃப்ட் இல்லாத கட்டடம். இரண்டு முழங்காலும் போய்விட்டன. பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது சம்பளப் பட்டியலிலிருந்துதானே தவிர, திருத்துவதிலிருந்து அல்ல. எங்கள் வீட்டுக்கு வந்தால் உட்காருவதற்கு முன்பே காலண்டர் கோணலாக இருப்பதைச் சொல்லிவிடுவார். காலண்டர் நிஜமாகவே கோணலாக இருக்கும் என்பதுதான் எனக்கு அதிக எரிச்சல்.

"ஷெட்டில் எப்படி மனுஷி இருப்பாங்க?" என்றேன்.

"தரை போட்டு, ஜன்னல் வச்சு, கூரைக்குக் கீழ ஒரு சீலிங் அடிச்சா இருக்கலாம். உங்க மர ரம்பத்தை எல்லாம் மாடிப்படிக்குக் கீழ வைங்க."

மாடிப்படிக்குக் கீழே இரண்டரை அடி அகலம். வேலை மேசையின் நீளம் ஐந்தடி. இதை அவளிடம் சொன்னேன். பூட்டின அறைக்குள் இருக்கும் மேசைக்கு எத்தனை அடி இருந்தால் என்ன என்றாள்.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஜனவரி முதல் தேதியிலிருந்து தொடர்ந்து ஏழு நாள், காலை ஆறரையிலிருந்து எட்டு வரை ஷெட்டிலிருந்து வேலைச் சத்தம் அடுக்களைக்குக் கேட்க வேண்டும். கேட்டால் ஷெட் எனக்கு. ஒரு நாள் தவறினாலும் அவளுடைய அக்காவுக்கு.

ஷெட்டைச் சூடாக்க வேண்டும். மின்சார ஹீட்டரை நான் நினைத்தும் பார்க்கவில்லை. அது ஒரு முழங்காலைப் பொசுக்கும், மறு முழங்காலுக்கு ஒன்றும் தெரியாது. மரம் எரிக்கிற இரும்பு அடுப்பு, புகைபோக்கியோடு, நானே வரைந்து செய்வது என்று தீர்மானித்தேன். யூடியூபில் பதினேழு வீடியோ பார்த்தேன். பதினேழு பேரும் தாடிக்காரர்கள். ஒருவன்கூட அளவுகோலைக் கையில் எடுக்கவில்லை. டிரம்மைக் குத்துமதிப்பாக வெட்டுகிறான், குழாயைச் சொருகுகிறான், பின்னணியில் பாட்டு. நான்கு பேர் துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாயைப் புகைபோக்கியாக வைத்தார்கள். அந்தப் பூச்சு சூட்டில் புகையாகி நெஞ்சுக்குள் போனால் காய்ச்சல் வரும் என்பதுகூடத் தெரியாத ஜன்மங்கள். அவர்களுக்குக் கீழே பாராட்டு எழுதியவர்களை என்னவென்று சொல்ல.

மௌலா அலி போகும் சாலையில் பழைய இரும்புக் கடைகள் வரிசையாக உண்டு. ஏழு கடை ஏறி இறங்கி ஒரு லாரியின் காற்று டேங்க்கை எடுத்தேன். மூன்றடி நீளம், ஓரடி விட்டம். சுவர் கனம் நாலு இடத்தில் அளந்தேன், மூன்று இடத்தில் சரியாக இருந்தது. அடுப்பின் கால்களுக்கு ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஆங்கிள் இரும்பு. புகைபோக்கிக்குப் பூச்சில்லாத கறுப்பு இரும்புக் குழாய், எட்டடி. கடைக்காரர் நான் கேலிப்பர்ஸை எடுத்ததைப் பார்த்து, தங்கம் வாங்க வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

பற்றவைக்க ஒரு வெல்டரைப் பிடித்தேன். தாத்தா காலத்தில் செகந்திராபாதுக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். தமிழன்தான், ஆனால் அவன் பேசுகிற தமிழில் பாதி ஹைதராபாத் உருதுச் சரக்கு. என்னுடைய வரைபடம் மூன்று தாள், ஐம்பத்திரண்டு அளவு. அவன் அதை வாங்கி, முதலில் தலைகீழாகப் பார்த்தான்.

வாதம் வந்தது கதவில். டேங்க்கின் முன்பக்கத்தை அறுத்துவிட்டு ஆறு மில்லிமீட்டர் தகடு வைத்து, அதில் சதுரமாக ஒரு வாய் திறந்திருந்தோம். கதவு அந்த வாய்க்குள் சரியாகப் போய் உட்கார வேண்டும். சுற்றிலும் இடைவெளி கால் மில்லிமீட்டர். அப்படித்தான் வரைந்திருந்தேன்.

"சார், இவ்ளோ டைட் நக்கோ சார், வேணாம். ஒரு நூல் ரெண்டு நூல் கேப் உடுங்க."

"ஒரு நூல் என்றால் மூன்று மில்லிமீட்டர். அவ்வளவு கேப் விட்டால் புகை வரும்."

"ஹவ் சார், வரும். கொஞ்சம் வந்தா என்னா? அடுப்புதானே?"

"கொஞ்சம் என்றால் எவ்வளவு?"

அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரியாததால் சிரித்தான். எவ்வளவு என்று சொல்லத் தெரியாதவர்கள் சொல்கிறதை முப்பத்து நான்கு வருடம் நான் காதில் வாங்கியதில்லை. கதவின் நாலு விளிம்பையும் நானே அரம் போட்டேன். ஆறு நாள் ஆயிற்று. கடைசியில் கால் மில்லிமீட்டர் கனமுள்ள அளவுத் தகட்டை நாலு பக்கமும் நுழைத்துப் பார்த்தேன், வெண்ணெயில் கத்தி போவதுபோல் போனது. கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டகம் மூடுகிற சத்தம்.

"கடியாரம் மாதிரி பண்ணிட்டீங்க சார். டைம் காட்டுமா?" என்றான் வெல்டர்.

டேங்க்கின் பழைய பெயின்ட்டை வெளியில் வைத்து எரித்துத் தீர்த்தோம். ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் துளைத்தால் தூசு ஆகாது என்பதால் குழாயைச் சுவர் வழியாக வெளியே கொண்டுபோனேன். எல்லாம் சரி.

ஜனவரி முதல் தேதி, ஆறு பத்துக்குச் சுபாபுல் மரக் குச்சி எட்டு வைத்துப் பற்றவைத்தேன். வெளியே பன்னிரண்டு டிகிரி. ஆறு நாற்பதுக்கு உள்ளே பத்தொன்பது. துளிப் புகை இல்லை. ஐந்து விரலும் மடங்கின. எட்டு மணி வரை இழைப்புளி ஓட்டினேன். அடுக்களை ஜன்னலில் மனைவியின் முகம் இரண்டு தடவை தெரிந்தது. மறுநாளும் அப்படியே. இரண்டு நாளும் சின்னத் தீதான் போட்டிருந்தேன்.

மூன்றாம் நாள் பத்து டிகிரி. கருவேல விறகு கிடைத்திருந்தது, நிறையத் திணித்தேன். ஆறரைக்கு டேங்க்கின் முன்பக்கம் லேசாகச் சிவந்தது. இன்னும் நாலு கட்டை போடலாம் என்று கைப்பிடியை இழுத்தேன். கதவு வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். காலைத் தாங்கிக்கொண்டு இழுத்தேன். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

என்ன நடந்தது என்பது எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது என்பதுதான் கேவலம். தீக்கு நேராக இருந்த கதவு சட்டத்தைவிட அதிகமாகச் சூடாகி, விரிந்து, வாய்க்குள் இறுகிப்போயிருந்தது. கால் மில்லிமீட்டர் அதற்குப் போதவில்லை. நான் இத்தனை வருடம் எதையும் குளிரூட்டிய அறையில், இருபது டிகிரியில் வைத்தே அளந்தவன். அந்த அறைக்கு வெளியே அந்தச் சாமான்கள் என்ன ஆகின்றன என்பது என் இலாகா அல்ல.

உள்ளே விறகு எரிந்து தீர்ந்தது. கதவு ஆறித் திறக்கும் வரை காத்திருக்க முடியாது, நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சுத்தியலை எடுத்து விளிம்பில் தட்டினேன். முதலில் மெல்ல, பிறகு பலமாக. எண்பத்து மூன்று அடி. எண்பத்து நாலாவதற்கு ஓங்கும்போது மனைவி வாசலில் நின்றாள்.

"இது என்ன சத்தம்?"

"வேலைச் சத்தம்."

அவள் கதவைப் பார்த்தாள், தரையில் கிடந்த கைப்பிடியைப் பார்த்தாள். "அடுப்பை அடிக்கிறதா வேலை? பெட்டி எங்க?" என்றாள். மேசையில் முந்தின நாள் பலகைகள் அப்படியே கிடந்தன. ஒப்பந்தம் அங்கே முடிந்தது. உள்ளே போய் அக்காவுக்குப் போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்து அறையைப் பார்க்கச் சொன்னாள்.

மறுநாள் வெல்டர் வந்து பார்த்தான். ஐந்து நிமிஷம் சிரித்தான், கடிகாரம் பார்த்தேன். பிறகு கிரைண்டரை வைத்து என் ஆறு நாள் வேலையை இருபது நிமிஷத்தில் கடித்தான். நாலு மில்லிமீட்டர் இடைவெளி. வெட்கமில்லாமல் வெளிச்சம் தெரிந்தது.

"இப்ப ஜாம் ஆகாது சார். ஆனா புகை வரும். கண்ணாடி நூல் கயிறு இருக்கு, பாய்லருக்குச் சுத்துவாங்க. அதைக் கதவு ஓரத்துல ஒட்டிட்டா புகை நிக்கும், கதவும் ஃப்ரீயா இருக்கும்."

இதையும் எத்தனை மில்லிமீட்டர் கயிறு என்று அவனால் சொல்ல முடியவில்லை. நானே அளந்துகொண்டு போய் இரண்டு மீட்டர் வாங்கி வந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் அது என் சட்டைப்பையில் இருந்தது. தோற்றுப்போன அறைக்குக் கயிறு எதற்கு என்று ஒட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எதற்காக அடுப்பை மூட்டினேன் என்று கேட்டால் பதில் இல்லை. மேசையை நகர்த்துவதற்கு முன் ஒரு பெட்டியை முடிக்கலாம் என்று இருக்கலாம். ஒன்பது மணிக்கு மதினி ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் அளவு நாடா. இதில் எங்களுக்குள் வித்தியாசம் இல்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

உள்ளே வந்து என் முக்காலியில் உட்கார்ந்து இரண்டு காலையும் அடுப்பை நோக்கி நீட்டினார். அரை நிமிஷம் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "இதமா இருக்கே" என்று தங்கையிடம் சொன்னார். எனக்கு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இரண்டரை அடி ஞாபகம் வந்தது. பிறகு புகை வர ஆரம்பித்தது.

"மாப்பிள்ளை, கதவைச் சுத்தி ஏன் இவ்வளவு சந்து?"

"முதலில் இல்லை. சூட்டில் இறுகிப்போச்சு. அதனால் தேய்க்க வேண்டியதாச்சு."

"இறுகிச்சா?" மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "உலோகம் சூடானா விரியும். பந்தும் வளையமும் வச்சு எட்டாங்கிளாஸ்ல செஞ்சு காட்டுவோம். சூடாக்கினா பந்து வளையத்துல போகாது. கடைசி பெஞ்சுப் பிள்ளைகூட சொல்லும்."

"தெரியும் மதினி."

"தெரிஞ்சுமா?"

மனைவி வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். புகைக்காக அல்ல.

அதற்குள் மதினிக்கு இருமல் பிடித்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். "இந்தப் புகை எனக்கு ஆகாது, சுவரெல்லாம் ஏறியிருக்கும். அடுப்பு இல்லேன்னா இந்தத் தகரக் கதவுக்குப் பின்னால என் முட்டி ஒரு ராத்திரி தாங்காது. வேண்டாம்டி. நான் இருக்கிற இடத்துலயே இருந்துக்கிடுதேன்."

"அக்கா, வேற ஏதாவது பண்ணலாம்."

"என்ன பண்ணுவே? இவர் அடுப்பா?"

ஆட்டோவில் அவரை ஏற்றிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது. வலது பக்கம் மனைவி பிடித்தாள், இடது பக்கம் நான். ஒரு காலை உள்ளே வைக்க மூன்று முயற்சி.

இப்படித்தான் ஷெட் என்னிடம் இருக்கிறது. ஒப்பந்தப்படி நான் தோற்றேன். அடுப்பு மோசமாக இருந்ததால் ஜெயித்தேன். தினமும் ஆறரைக்கு மூட்டுகிறேன், விரல்கள் மடங்குகின்றன, கண் எரிகிறது. எட்டு மணிக்குள் சராசரி நாற்பது தடவை இருமுகிறேன். நாற்பத்திரண்டாவது பெட்டி முடிந்துவிட்டது.

கயிறு இழுப்பறையில், உப்புத்தாளுக்கு அடியில் இருக்கிறது. ஒட்ட இருபது நிமிஷம் ஆகும். ஒட்டினால் புகை நிற்கும். புகை நின்றால் அது எந்த முழங்காலுக்கும் ஏற்ற நல்ல கதகதப்பான அறை. பொங்கல் கழிந்து நாலு நாளில் மனைவி காபியோடு ஷெட் வாசலுக்கு வந்தாள். அக்கா முந்தின நாள் படியில் உட்கார்ந்துவிட்டாராம், பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கிவிட்டார்களாம்.

"ஏங்க, இந்தப் புகைக்கு ஒரு வழியும் கிடையாதா?"

"கிடையாது" என்றேன். "இந்த மாதிரி அடுப்பே இப்படித்தான்."

இரும்பு விஷயத்தில் நான் சொல்வதை அவள் என்றைக்கும் நம்புகிறவள். டம்ளரை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.