முனியப்பர் வேலில் நான் கட்டிய பிராது

என் பெயர் அஞ்சலை. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலை அடிவாரம். நடவு வேலைக்குப் போகிறவள். பொம்பளை குடிப்பாளா என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். நான் குடித்தேன். ஆறு வருஷம் குடித்தேன்.

ஆரம்பித்து வைத்தவன் எங்கள் ஊர்ச் சாராயக்காரன். அவன் பெயரைச் சொல்லி என் வாயைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன். என் வீட்டுக்காரர் செத்துப்போன வருஷம், நாளெல்லாம் குனிந்து நட்டு இடுப்பு விட்டுப்போய்க் கிடந்தேன். "ஒரு பாக்கெட்டு போடு அஞ்சல. வலியும் தெரியாது, அழுகையும் வராது" என்றான். பாவி சொன்னது பொய்யில்லை. ஆனால் அப்புறம் வலி இல்லாத நாளிலும் உடம்பு கேட்டது. விடிந்தால் கை நடுங்கும், நாற்று முடியைப் பிரிக்க முடியாது. ஒரு பாக்கெட் உள்ளே போனால்தான் கை நிற்கும். அழ வேண்டியதற்கு அழுகை வரவில்லை. ஒன்றுமில்லாததற்கெல்லாம் மகளை அடித்தேன்.

போன வருஷம் தை மாதம் தியாகதுருகத்திலிருந்து என் அக்கா வந்து, பத்து வயசு சத்யாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். "ஒன் வூட்ல புள்ள இருக்கக் கூடாதுடி. நீ இன்னா பண்றன்னு ஒனக்கே தெரில" என்றாள். சத்யா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என்மேல் வராத ஆத்திரம் அந்தச் சாராயக்காரன்மேல் வந்தது. எங்கள் பக்கத்தில், அநியாயம் செய்தவன் பெயரைத் தாளில் எழுதி முனியப்பர் வேலில் கட்டுவோம். அதைப் பிராது கட்டுவது என்போம். மூன்று மாதத்தில் தீர்ப்பு வரும். "அவன் கை காலு விளங்கக் கூடாதுன்னு எழுதுங்க சாமி" என்று பூசாரியிடம் சொன்னேன். என் கைதான் நடுங்குகிறதே, அவரே எழுதினார். கட்டி முடித்ததும் சொன்னார்: "தீர்ப்பு வர வரிக்கும் நீ சுத்தமா இருக்கணும்மா. ஒரு சொட்டு குடிச்சாலும் கேசு ஒன் மேலயே திரும்பிடும்."

ஐயோ, இதை நான் யோசிக்கவே இல்லை! அவன் நாசமாக வேண்டும் என்றால் நான் குடிக்கக் கூடாது.

இரண்டாம் நாளே வியர்த்துக் கொட்டியது. உடம்பெல்லாம் எறும்பு ஊறியது. செத்த வீட்டுக்காரர் வாசலில் நிற்பதாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோவில் போட்டுக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். "இப்பிடித் திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்தும்மா. மருந்து எடுத்துக்கினுதான் நிறுத்தணும்" என்றார் டாக்டரம்மா. அவர் சொன்னபடி கேட்டேன். படுக்கையில் கிடந்தபோது முனியப்பரை நான் அன்பாகக் கூப்பிடவில்லை. "அவன உடாதப்பா" என்றுதான் கூப்பிட்டேன்.

ஊர் திரும்பியதும் அவனே எதிரில் வந்து பாக்கெட்டை நீட்டினான். "சும்மாதான், வாங்கிக்க." வாயில் எச்சில் ஊறியது உண்மை. "கேசு நடந்துகினு இருக்குது, போடா" என்றேன்.

மூன்று மாதம் முடிந்தது. அவனுக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை. முனியப்பரையே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று சாயந்திரம், நான் நிறுத்திவிட்டதைக் கேள்விப்பட்டு அக்கா சத்யாவோடு வந்தாள். சத்யா கிட்டே வந்து என் வாயை மோந்து பார்த்தாள். "யம்மா, வாசன வரல" என்றாள். ஆறு வருஷமாக வராத அழுகை அப்போது வந்தது. அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

"அதான் புள்ள ஒன் கிட்டயே வந்துட்டாளே, கேசு தீர்ந்துடிச்சு, பிராத வாபஸ் வாங்கிடும்மா" என்றார் பூசாரி. வாங்கவில்லை. அவன் இன்னும் விற்கிறான். நான் இன்னும் மன்னிக்கவில்லை. பிராது வேலில் இருக்கிற வரைக்கும் நான் குடிக்கவும் முடியாது. முனியப்பருக்கு நான் செலுத்தும் நன்றிக்கடன் இதுதான்.

குடியில் மாட்டிக்கொண்டு தவிக்கிறவர்களே, வாருங்கள். ஆஸ்பத்திரிக்கும் போங்கள், முனியப்பரிடமும் வாருங்கள். மனசு சுத்தமாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். நான் வெறும் ஆத்திரத்தோடுதான் போனேன். அதையும் அவர் வாங்கிக்கொண்டு என் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தார்.