நான் சொல்லாத ‘ஓம்’

“…அப்ப, உம்மட வாடியைக் கழட்டினதால உமக்கு நட்டம் எண்டு சொல்லுறீர். அதுதானே, தம்பி?”

“இல்லை அண்ணை, அது இல்லை,” என்றேன்.

சபை சிரித்தது. அண்ணை தோற்றது இது மூன்றாம் தரம்.

கரையில் ஆர் எங்கே படகு விடுவது என்று பேசித் தீர்க்க, ஓர்ஸ் ஹில் பக்கம் ஒரு மண்டபத்தில் கூடியிருந்தோம். நடத்தினது தோப்பூரிலிருந்து வந்த ஒரு ரீச்சர். அவ வைத்த விதி ஒன்றுதான்: அடுத்ததாகக் கதைக்கிறவர், முதல் கதைத்தவர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அவர் ‘ஓம், அதுதான்’ என்ற பிறகே தன்ர கதையைத் தொடங்கலாம். அடியில்லை, ஏச்சில்லை. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். எனக்கு வாய்த்த புல் இது.

அண்ணை எங்கள் மீன்பிடிச் சங்கத்தின் பழைய தலைவர். ஆறு வருசத்துக்கு முதல், வலை வைத்துப் பழுது பார்க்கிற என் வாடிக் கொட்டிலைக் கரையிலிருந்து எடுப்பதென்று கூட்டம் போட்டார். நான் எழும்பினேன். “கதை வேண்டாம், இரும். சம்மதமான ஆக்கள் கை தூக்குங்கோ.” தூக்கினார்கள். ஒரு தேத்தண்ணி ஆற முதல் சனநாயகம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டு வளவில் வலை பொத்துகிறேன். ஒவ்வொரு முடிச்சையும் அவரை நினைத்துத்தான் இறுக்கினேன்.

இப்போது அவருடைய கரையைக் கடல் அரித்துவிட்டது. பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் கலையும். அதற்குள் என்னிடம் ஒரு ‘ஓம்’ வாங்கி, வேறு இடம் கேட்காவிட்டால், இந்த மாரிக்கு அவர் படகுக்கு இடமில்லை. நான் பொல்லுத் தூக்கவில்லை. ‘இல்லை’ என்றேன், அவ்வளவுதான். பொய் சொல்லமாட்டேன், இனித்தது.

“கை தூக்கத் தெரிஞ்சவருக்குக் காது குடுக்கத் தெரியேல்லை,” என்றா கருவாடு போடுகிற அக்கா, பின்வரிசை வாங்கிலிருந்து. திரும்பவும் சிரிப்பு.

அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார். பத்து நிமிசம் இருந்தது.

“வாடி பிறகுதான் போனது,” என்றார் மெதுவாக. “அதுக்கு முதல், நான் உம்மைக் கதைக்க விடேல்லை. சபைக்கு நடுவில உம்மை ஒரு ஆளாவே எண்ணேல்லை.”

அதுதான். அச்சொட்டாக அதுதான். ரீச்சர் என்னைப் பார்த்தா. நான் பல்லைக் கடித்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தேன்.

“மூண்டு ‘இல்லை’ சொன்ன வாய்க்கு ஒரு ‘ஓம்’ பாரமோ?” அதே அக்காதான். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

அண்ணை தன் கதிரையை இழுத்து வந்து எனக்கு நேர் முன்னால் போட்டு, “இப்ப நீர் கதையும், தம்பி,” என்று இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.