மச்சான் வீட்டு அலமாரியும் என் ஷூவும்

கணபதி என்ற ஊரில் ஒரு பம்ப் பட்டறையில் நான் சூப்பர்வைசர். காலை எட்டு மணிக்கு மாட்டும் ஷூவை மாலை ஏழுக்குத்தான் கழற்றுவேன். அதை வெயிலில் வைத்ததாக நினைவில்லை. சாக்ஸை மட்டும் வாரம் இரண்டு முறை மாற்றுவேன். என்னைச் சுத்தக்காரன் என்றே நம்பியிருந்தேன்.

போன வருடம் என் மனைவியின் அண்ணன் போத்தனூரில் புது வீடு கட்டினார். புதுமனை விருந்துக்குப் பட்டறையிலிருந்து நேராகப் போனேன். வாசலில் ஷூவைக் கழற்றப் போனவனை மச்சான் விடவில்லை. மாடிப்படிக்குக் கீழே தேக்கில் செய்த செருப்பு அலமாரியைக் காட்ட வேண்டுமே.

"இங்க வைங்க மாப்ள. இதுக்கே ஆசாரி ஒரு வாரம் மெனக்கெட்டாருங்க."

வைத்தேன். பத்து நிமிடத்தில் ஹாலில் பேச்சு குறைந்தது. சிலர் கைக்குட்டையை எடுத்தார்கள். மச்சான், வீட்டைக் கட்டிக் கொடுத்த இன்ஜினியரைப் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுப்பினார்.

"ஏனுங்க, சாக்கடை நாத்தம் ஊட்டுக்குள்ள வருதுங்களே."

இன்ஜினியர் கொல்லைப்புறம் போய்க் கழிவுநீர்த் தொட்டியின் மூடியைத் திறந்தார். நானும் சாக்ஸ் காலோடு பக்கத்தில் நின்று, பைப்பில் காற்றுப் போக வழியில்லை என்று தொழில்நுட்ப ஆலோசனை வழங்கினேன்.

"தொட்டி காஞ்சு கெடக்குதுங்க. இன்னும் யாரும் பொழங்கவே இல்லீங்களே" என்றார் அவர்.

பிறகு மூக்கு காட்டிய வழியில் உள்ளே நடந்தார். அலமாரியைத் திறந்தார். உடனே மூடினார்.

"கட்டட வேலைல கொறையில்லீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பந்திக்குத் திரும்பினார். அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் அவமானப்படுத்தியதில்லை. என் மனைவி ஷூவைப் பையில் போட்டு முடிச்சிட்டு, காம்பவுண்டுக்கு வெளியே வைத்தாள். திரும்பும்போது பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாள்.

மறுநாள் தோல் டாக்டரிடம் போனேன். என் கால் விசேஷமான கால் என்பதால் விசேஷமான மருந்து தருவார் என்று எதிர்பார்த்தேன். அந்த அம்மாள் கேட்டது ஒன்றுதான்.

"சாக்ஸ் எத்தன நாளைக்கொருக்கா மாத்துவீங்க?"

சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"வேர்வைக்கு நாத்தமே இல்லீங்க. அடைச்ச ஷூவுக்குள்ள ஈரம் காயாம நின்னா கிருமி பெருகும். அதுக வேர்வையையும் செத்த தோலையும் தின்னுதான் நாத்தம் வருது. தெனமும் சோப்புப் போட்டுக் கழுவி, வெரலிடுக்க நல்லாத் தொடைங்க. பருத்தி சாக்ஸ், தெனமும் ஒரு ஜோடி. ஷூ ரெண்டு வெச்சுக்கிட்டு மாத்தி மாத்திப் போடுங்க, ஒண்ணு காயட்டும். அப்பவும் போகலைன்னா வாங்க, மருந்து தரேன்."

நாற்பத்தாறு வயதில் கால் கழுவக் கற்றுக்கொண்டேன். பழைய ஷூவைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டு புதிது வாங்கினேன். மூன்றாவது வாரம் நாற்றம் போயிற்று. மருந்துக்கு வேலையே இல்லை.

பட்டறையில் இதைச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மாலையில் இரண்டு பேர் தனித்தனியாக வந்து டாக்டர் விலாசம் கேட்டார்கள். தங்களுக்கு இல்லையாம், மச்சினனுக்காம்.