பெங்களூரிலிருந்து எடப்பாடிக்கு ஆகாய மார்க்கமாக

போன வாரம் நான் ஆகாய விமானத்தில் பறந்தேன். வாழ்த்துச் சொல்ல வரும் வாசகர்கள் கொஞ்சம் பொறுங்கள்... முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

எடப்பாடியில் என் அக்கா மகள் வள்ளியம்மாளுக்குக் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் தாய்மாமன் பட்டுச்சேலை கொடுக்க வேண்டும். அதை உடுத்திக்கொண்டுதான் பெண் சபைக்கு வருவாள். அவளுக்குத் தாய்மாமன் நான் ஒருவன்தான். எனக்கு உத்தியோகமோ பெங்களூரில்.

"பஸ்ல போயி ஏன் சார் இடுப்ப ஒடிச்சுக்கறீங்க? யுத்தம் முடிஞ்சு இப்பத்தான் பிளேன் விட்டிருக்கானே! கோயமுத்தூருக்கு ஒரே மணி நேரம்" என்றார் ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர்.

நூற்றுச் சொச்சம் மைல் — ஒரு மணி நேரம்! மயங்கிவிட்டேன்.

மனைவி மயங்கவில்லை. "மேல போறது சரிங்க... நாம போவோணும்கறது எடப்பாடிக்குங்களே?" என்றாள். புறப்படும் நாள் விடியற்காலையிலேயே சீர்ப் பாத்திரங்களோடு பஸ் ஏறிவிட்டாள். சேலையை மட்டும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன். முதலில் போய்ச் சேரப் போகிறவன் நான்தானே?

விமான நிலையத்தில் முதல் காரியமாக என்னைத் தராசில் ஏற்றி நிறுத்தார்கள். பஞ்சு மூட்டையைக்கூட இன்னும் மரியாதையாக நிறுப்பார்கள். பிறகு உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன்... உட்கார்ந்தேன்... சென்னையில் மேகமாம். அங்கிருந்து விமானம் கிளம்பவே இல்லையாம்!

அது வந்து சேர்ந்து, எங்களை ஏற்றிக்கொண்டு எழும்பும்போது நடுப்பகல் தாண்டிவிட்டது. அந்த ஒரு மணி நேரத்தைக் குறை சொல்ல மாட்டேன். இடது பக்க ஜன்னலில், வெகு தூரத்தில், மேட்டூர் அணைத் தண்ணீர் மின்னியது. அதற்குத் தெற்கே எடப்பாடி. இறக்கிவிடு என்று யாரிடம் கேட்பது?

கோயமுத்தூரில் விமானக் கம்பெனியின் கார் ஊருக்குள் தன் ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டது. ஜட்கா பிடித்து ஸ்டேஷனுக்கு ஓடினால் ரயில் அப்போதுதான் போயிருந்தது. அடுத்த ரயிலில் ஈரோடு. ஈரோட்டில் பஸ். பவானி தாண்டியதும் — டயர் வெடித்தது.

"சித்த பொறுங்க சாமி, இப்பக் கெளம்பிரலாம்" என்றார் டிரைவர். ஒவ்வொரு முறை கேட்டபோதும் அதையே சொன்னார்.

எடப்பாடியில் நுழையும்போது விளக்கு வைத்து வெகு நேரமாகிவிட்டது. பகலிலேயே வந்துவிட்ட என் மனைவி வாசலில் தவித்துக்கொண்டிருந்தாள். "வெரசா வாங்க! புள்ள எந்திரிக்க மாட்டேங்குது" என்றாள்.

உள்ளே மாப்பிள்ளையின் சித்தப்பா கத்திக்கொண்டிருந்தார். "மாமன் சேலை இல்லாட்டி என்னங்க? நாங்க கொண்டாந்தத உடுத்தட்டும். சபை எவ்வளவு நேரம் காத்திருக்கும்?"

வள்ளியம்மாள் சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "எங்க மாமன் வருவாருங்க" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாளாம். அக்கா அதட்டியும் அசையவில்லையாம்.

சேலையை அவள் கையில் வைத்தேன். அக்கா பிடித்துக்கொண்டாள். "ஏன்டா, ஆகாசத்துல வந்தவன் வார நேரமாடா இது?"

மைல் கணக்கும் மணிக் கணக்கும் சொல்லி டிக்கெட் விற்கிறவர்கள், வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு எவ்வளவு நேரம் என்று ஏன் சொல்வதில்லை?

வள்ளியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "மாமா, பயமா இருந்துச்சுங்களா, மேல?"

"மேலே ஒண்ணும் பயமில்ல சாமி... கீழே எறங்கினப்பறந்தான்!"