சித்தப்பா முறை டாக்டர்

பிள்ளை பெற்றவள் சந்தோஷமாக இருக்க வேண்டுமாம். எழுபதுகளின் கடைசியில் எனக்கு முதல் பையன் பிறந்தபோது அந்தச் சந்தோஷம் மட்டும் வரவே இல்லை. தூக்கம் போனது. அவன் அழுதால் கை நீளும், மனசு நீளாது. கடைசிவரை இப்படியே இருந்துவிடுவேனோ என்று பயந்து செத்தேன்.

எங்கள் ஊரான திகாம் பத்துவிலிருந்து அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரிக்கு வீட்டுக்காரர் பஸ்ஸில் கூட்டிப்போனார். மனநல டாக்டர் நம் தமிழர். அப்பாடா என்றிருந்தது. அவரும் நம் வழக்கத்தை விடவில்லை.

“எந்த எஸ்டேட்டும்மா? மாமியார் யாரு வீட்டுப் பொண்ணு?”

நோயை விட்டுவிட்டு இருவரும் சொந்தம் தேடினோம். தேடித் தேடி, அவர் என் மாமியாருக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வந்து நின்றது!

“அட, நான் உனக்குச் சித்தப்பா முறைலா! இப்ப சொல்லு, என்ன பிரச்சினை?”

போச்சுடா! இனி என்னத்தைச் சொல்வது? நான் வீடு போய்ச் சேருமுன்னே மாமியார் காதுக்குப் போய்விடாதா?

“ஒன்னுமில்ல சித்தப்பா. கொஞ்சம் தூக்கம் வரல, அவ்ளோதான்.”

மாத்திரை தந்தார். தம்பிதான் டாக்டர் என்றதும் மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த முறை அவருக்கென்று ஒரு டின் நிறைய அதிரசம் கொடுத்தனுப்பினார்.

அன்று சித்தப்பா லீவு. அவருக்குப் பதில் ஒரு மலாய்ப் பெண் டாக்டர். என்ன ஆச்சு என்று மட்டும் கேட்டார். எந்த எஸ்டேட் என்று கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த பசார் மலாயில், அந்தக் கடைத்தெருப் பேச்சிலேயே, கொட்டித் தீர்த்தேன். பிள்ளையைப் பார்த்தால் மனசு காலியாக இருக்கிறது என்று சொல்லி அழுதேன். நிறைய தாய்மாருக்கு வருவதுதான், சரியாகிவிடும் என்றார். அதிரசத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன். சித்தப்பாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அதன்பிறகு அந்த அம்மாவிடமே போய்வந்தேன். மாதங்கள் ஓடின. ஒரு காலை குளிப்பாட்டும்போது பையன் என் மூக்கைப் பிடித்துச் சிரித்தான். “அட திருட்டுப் பயலே!” என்று அவனை வாரி முகர்ந்தேன். யாரும் சொல்லாமல், நானாகவே!

மலாய் டாக்டரிடம் சொன்னேன், கைதட்டினார். எனக்கு அது போதவில்லை. பக்கத்து அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன்.

“சித்தப்பா! எம்புள்ளைய நான் கொஞ்சிட்டேன்!”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “பிள்ளைய கொஞ்ச முடியலன்னுதான் மொத வந்தியாம்மா? அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?”

“எப்படிச் சொல்றது? நீங்க சித்தப்பா ஆயிட்டீங்களே!”

“அப்ப இத மட்டும் ஏன் சொல்ற?”

“இத சொந்தக்காரங்ககிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்றது?”